அட்வகேட் ஜெனரலின் சான்று

தென்காசிச் சீமையும் சட்டமும் – 17

சென்ற அத்தியாயத்தில் 1908-ஆம் ஆண்டின் திருநெல்வேலி வழக்கைப் பார்த்தோம். வ.உ.சி.க்கு செஷன்ஸ் நீதிபதி பின்ஹே ஜூலை 7-ஆம் தேதி விதித்த இரட்டை ஆயுள் தண்டனை, அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆறு ஆண்டாகக் குறைந்தது. அப்பீல் என்ற ஒரு படி இருந்ததால் மட்டுமே அந்தக் குறைப்பு நடந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து நம் தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து ஆட்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறியபோது அந்தப் படி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு மனிதரின் கையெழுத்து இருந்தது. அவர் வேறு யாருமல்ல, அரசாங்கத்தின் சொந்த வக்கீல்: சென்னை மாகாண அட்வகேட் ஜெனரல். இந்த அத்தியாயம் அந்தப் பதவியைப் பற்றியது.

முதலில் அன்றைய நீதி ஏணியைக் கண்முன் நிறுத்திக்கொள்வோம். ராயகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். அன்று அந்தப் பகுதி சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்தது. ராயகிரிக்காரர் ஒருவர்மேல் பெரிய குற்றம் சுமத்தப்பட்டால் முதலில் மாஜிஸ்ட்ரேட் விசாரிப்பார். வழக்கில் சாரம் இருந்தால் திருநெல்வேலி செஷன்ஸுக்கு அனுப்புவார். செஷன்ஸில் தண்டனை விழுந்தால் சென்னைக்கு அப்பீல் போகலாம். தாமதமாகும், பணம் கரையும், நிலம் அடமானம் போகும். ஆனாலும் இன்னொரு ஜோடிக் கண்கள் அந்தக் கட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கும் என்ற நம்பிக்கை இருந்தது.

இந்த ஏணி முழுவதற்கும் நடுவில் கலெக்டர் உட்கார்ந்திருந்தார். அவரே ஜில்லா மாஜிஸ்ட்ரேட். போலீஸ் அவர் பேச்சைக் கேட்கும், கீழ் மாஜிஸ்ட்ரேட்டுகள் அவருக்குக் கீழ் வேலை பார்ப்பவர்கள். வரி வாங்குகிறவரும் கைது செய்யச் சொல்கிறவரும் விசாரிக்கிற மாஜிஸ்ட்ரேட்டுக்கு மேலதிகாரியும் ஒரே ஆள். அந்த நாற்காலியில் 1910-இல் வந்து அமர்ந்தவர் ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷ்.

சென்னையில் நிலைமை வேறு. அங்கே அதிகாரம் பல கைகளில் பிரிந்திருந்தது. அதில் ஒரு கை அட்வகேட் ஜெனரலுடையது.

இந்தப் பதவியின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. மன்னர் தம் வழக்குக்குத் தாமே கோர்ட்டுக்கு வர முடியாது. அவர் சார்பில் பேச ஒருவர் வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அப்படி மன்னருக்காக வாதாடியவர்கள் உண்டு. காலப்போக்கில் அந்த ஆள் அட்டர்னி ஜெனரல் ஆனார். மன்னரின் வக்கீலாகத் தொடங்கியவர் அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்பவராகவும், பொதுமக்களின் நலனுக்காகக் கோர்ட்டில் நிற்பவராகவும், தேவைப்பட்டால் ஒரு வழக்கை அப்படியே நிறுத்தக்கூடியவராகவும் வளர்ந்தார். 1912-இல் அட்டர்னி ஜெனரலாக இருந்த ரூஃபஸ் ஐசக்ஸ்தான் அந்தப் பதவியோடு பிரிட்டிஷ் மந்திரி சபையில் இடம்பெற்ற முதல் ஆள். பிறகு ரீடிங் பிரபு என்ற பெயரில் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்தவரும் அவரே.

அந்த மரத்திலிருந்து வெட்டி வந்து சென்னையில் நட்ட கிளை அட்வகேட் ஜெனரல் பதவி. கம்பெனிக் காலத்திலேயே அது இங்கே வேர் பிடித்துவிட்டது. ஜார்ஜ் நார்ட்டன் என்ற அட்வகேட் ஜெனரலை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். பச்சையப்ப முதலியார் தருமத்துக்கு எழுதிவைத்த சொத்து பல ஆண்டுகள் வழக்கில் சிக்கிக் கிடந்து, கடைசியில் 1842-இல் பள்ளிக்கூடமாக மலர்ந்ததில் நார்ட்டனின் பங்கு பெரியது. சென்னைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1839-இல் 70,000 பேர் கையெழுத்திட்ட மனுவைக் கவர்னரிடம் கொண்டுபோனதிலும் அவர் முன்நின்றார். அரசாங்கச் சம்பளம் வாங்கிய வக்கீல் ஒருவர், ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்காக நின்றார். தருமச் சொத்தைக் காப்பது அட்வகேட் ஜெனரலின் கடமைகளில் ஒன்று என்பதால் அவர் செய்ததில் முரண் எதுவும் இல்லை.

அந்தக் கடமை பிறகு எழுத்துச் சட்டமாகவே வந்தது. 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்படி, பொதுத் தருமச் சொத்தை ஒருவர் தின்றுவிட்டார் என்றால் அட்வகேட் ஜெனரலே வழக்குப் போடலாம். அல்லது அந்தத் தருமத்தில் அக்கறை உள்ள இரண்டு பேர் அவருடைய எழுத்துச் சம்மதத்தோடு அன்று போட முடிந்தது. அடுத்த பிரிவு என்ன சொல்கிறது என்று பாருங்கள்: சென்னைப் பட்டணத்துக்கு வெளியே இந்த அதிகாரத்தை, அரசின் முன் அனுமதியோடு, கலெக்டர் செலுத்தலாம். ஆக, குற்றாலத்திலோ தென்காசியிலோ ஒரு மடத்துச் சொத்துக்காகக் கேட்கப் போனாலும் மறுபடி அதே கலெக்டர் கச்சேரி வாசல்தான். பட்டணத்தில் ஒரு சட்ட வல்லுநரிடம் இருந்த பொறுப்பு, நம் ஊரில் நிர்வாகியின் கைக்குப் போய்விட்டது.

குற்ற வழக்குகளில் அட்வகேட் ஜெனரலுக்கு இன்னும் பெரிய அதிகாரங்கள் இருந்தன. உயர் நீதிமன்றத்தில் நடக்கும் விசாரணையில், ஜூரி முடிவு சொல்வதற்கு முன் எந்தக் கட்டத்திலும், ‘இவர்மேல் வழக்கை இனி நடத்தவில்லை’ என்று அவர் எழுந்து சொன்னால் வழக்கு அத்தோடு நிற்கும். 1898-ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டம் 333-ஆம் பிரிவு இதைத் தந்தது. இதைவிட நுட்பமான அதிகாரம் ஒன்று 1865-இல் அரசி பெயரால் சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கொடுக்கப்பட்ட சாசனத்தில், 26-ஆவது கூறில் இருந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

இந்தப் பதவியில் வெள்ளைக்காரர்களே இருந்த காலம் மாறியது. 1897-இல் வெ. பாஷ்யம் ஐயங்கார் தற்காலிக அட்வகேட் ஜெனரலாக அமர்ந்தார். அங்கே அமர்ந்த முதல் இந்தியர் அவர். பிறகு சி. சங்கரன் நாயர் வந்தார். 1907-இலிருந்து 1912 வரை பி.எஸ். சிவசாமி ஐயர். நம் கதை நடப்பது இந்தக் காலத்தில்.

1911 ஜூன் 17, சனிக்கிழமை. கலெக்டர் ஆஷ் மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். மணியாச்சி ஜங்ஷனில் ரயில் பெட்டி நின்றிருந்தபோது, செங்கோட்டையைச் சேர்ந்த இருபத்தைந்து வயது வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி அவரைச் சுட்டுக் கொன்றார். ஓடிப்போய் அதே துப்பாக்கியால் தம்மையும் சுட்டுக்கொண்டார். சுட்டவர் இறந்துவிட்டார். ஆனால் அவர் பின்னால் ஒரு கூட்டமே இருக்கிறது என்று போலீஸ் தேடத் தொடங்கியது. தென்காசி, செங்கோட்டை, தூத்துக்குடி, ஒட்டப்பிடாரம் என்று வீடுகள் சோதனையிடப்பட்டன. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம்; அது தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான். எல்லைக்கு இப்பக்கம் ஒரு சட்டம், அப்பக்கம் ஒரு சட்டம் என்றிருந்தும் தேடுதல் நிற்கவில்லை. செங்கோட்டை தர்மராஜ ஐயரும் வெங்கடேச ஐயரும் போலீஸ் கையில் சிக்குவதற்கு முன்பே உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் பதினான்கு பேர் கூண்டில் நின்றார்கள். முதல் எதிரி சீர்காழிப் பக்கத்து எருக்கூர் நீலகண்ட பிரம்மச்சாரி. தென்காசியிலிருந்து மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை, செங்கோட்டையிலிருந்து சாவடி அருணாசலம் பிள்ளை முதலானோர். ஊர்க்காரர்கள் இன்றும் அவர்களை மடத்துக்கடைக்காரர், சாவடிக்காரர் என்றே சொல்வார்கள். பெயருக்கு முன்னால் கடையும் சாவடியும் ஒட்டிக்கொண்டிருக்கிற மனிதர்கள்; நேற்றுவரை தெருவில் நாம் பார்த்துப் பேசியவர்கள்போல இருப்பவர்கள்.

இவர்களைத் திருநெல்வேலி செஷன்ஸில் விசாரிக்கவில்லை. அங்குதான் இந்தக் கதையின் முடிச்சு விழுகிறது. 1908 டிசம்பரில் அரசு ஒரு குற்றச் சட்டத் திருத்தச் சட்டம் கொண்டுவந்திருந்தது. அரசுக்கு எதிரான சதி போன்ற வழக்குகளை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் ஜூரி இல்லாமல் நேரே விசாரிக்கலாம் என்றது அது. வழக்கு சென்னைக்குப் போனது. தலைமை நீதிபதி சர் ஆர்னால்டு ஒயிட், நீதிபதி அய்லிங், நீதிபதி சங்கரன் நாயர் ஆகிய மூவரும் அமர்ந்தார்கள். அரசுத் தரப்பில் பப்ளிக் பிராசிக்யூட்டர் நேப்பியர். எதிரிகள் தரப்பில் ஜே.சி. ஆடம், பிறகு ஆந்திர கேசரி என்று புகழ்பெற்ற த. பிரகாசம் முதலானோர் நின்றார்கள்.

மூன்று பெரிய நீதிபதிகள் விசாரித்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். சாசனத்தின் 25-ஆவது கூறைப் படித்தால் நெஞ்சு கனக்கும். உயர் நீதிமன்றமே முதல் விசாரணை நடத்தித் தண்டித்தால் அதன்மேல் அப்பீல் கிடையாது. ராயகிரியில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட சாதாரண ஆளுக்குச் சென்னைக்கு அப்பீல் போகும் வழி இருந்தது. சென்னைக்கே கொண்டுபோகப்பட்ட மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளைக்கு அது இல்லை. உயரமான கோர்ட்டுக்கு ஏற்றியதாலேயே ஏணியின் அடுத்த படி பறிபோனது.

மிச்சமிருந்த வழி 26-ஆவது கூறு. தீர்ப்பில் ஒரு சட்டப் பிரச்சினை தவறாக முடிவு செய்யப்பட்டது என்றோ, அதை மேலும் ஆராய வேண்டும் என்றோ அட்வகேட் ஜெனரல் சான்று கொடுத்தால், உயர் நீதிமன்றம் அந்த வழக்கை மறுபடி பரிசீலிக்கலாம். தண்டனை பெற்றவரின் உறவினர் அழுதாலும், அவர் வக்கீல் நூறு பக்கம் எழுதினாலும் கதவு திறக்காது. எதிர்த் தரப்பின் தலைமை வக்கீல் சாவியைப் போட்டால்தான் திறக்கும்.

வழக்கின் சாட்சியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஏனென்றால் சான்றுக்கு வழிவிட்டது அதுதான். ஆறுமுகப் பிள்ளை, சோமசுந்தரம் பிள்ளை என்ற இருவர் அப்ரூவர் ஆனார்கள். கூட்டத்தில் தாங்களும் இருந்ததாகச் சொல்லி, மன்னிப்புப் பெற்று, மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். அப்ரூவர் சாட்சியை அன்றைய சட்டம் எப்படிப் பார்த்தது? 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இரண்டு இடங்கள் இருந்தன. 133-ஆவது பிரிவு, குற்றத்தில் கூட்டாளியானவனும் சாட்சி சொல்லத் தகுந்தவன், அவன் சாட்சியை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் சட்ட விரோதம் ஆகாது என்றது. 114-ஆவது பிரிவோ, முக்கிய விவரங்களில் வேறு சான்று துணை நில்லாவிட்டால் கூட்டாளியை நம்பத் தகாதவன் என்று கருதலாம் என்றது. ஆக, துணைச் சான்று வேண்டும் என்பதே நடைமுறை.

கேள்வி இங்கே பிறந்தது. அப்ரூவர் கைதானபின் மாஜிஸ்ட்ரேட்டிடம் ஒரு வாக்குமூலம் கொடுக்கிறார். சில மாதம் கழித்துக் கோர்ட்டில் ஏறி அதையே சொல்கிறார். முன்னால் சொன்னது பின்னால் சொன்னதற்குத் துணைச் சான்று ஆகுமா? நம் ஊரில் ‘வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி’ என்பார்கள். இங்கே வேலியும் ஓணானும் ஒரே ஆள். ஒருவன் ஒரு பொய்யை இரண்டு முறை சொன்னால் அது உண்மையாகிவிடுமா? சாட்சியச் சட்டத்தின் 157-ஆவது பிரிவு, சாட்சி ஒருவர் முன்பு சொன்னதைக் கொண்டு அவர் இப்போது சொல்வதற்கு வலுச் சேர்க்கலாம் என்றது. அந்தச் சலுகை மன்னிப்புக்காகப் பேசுகிற கூட்டாளிக்கும் உண்டா என்பதே விவகாரம்.

1912 பிப்ரவரி 15-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பதினான்கு பேரில் ஒன்பது பேருக்குத் தண்டனை. ஐந்து பேர் விடுதலை. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு ஆண்டு. விடுதலையானவர்களில் சாவடி அருணாசலம் பிள்ளை ஒருவர். தண்டனை பெற்றவர்களில் மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை ஒருவர். சங்கரன் நாயர் தனித் தீர்ப்பு எழுதினார். அந்தக் கால இளைஞர்களின் மனநிலையைக் காட்ட, சுதந்திர தாகத்தைப் பாடும் பாரதியின் பாட்டை அதில் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தார். புதுச்சேரியில் பிரெஞ்சு நிழலில் ஒதுங்கியிருந்த பாரதி, நம் கடையத்து மருமகன். அவர் பாட்டு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பில் ஏறியது, ஒரு முன்னாள் அட்வகேட் ஜெனரலின் பேனாவால்.

அதன்பின் 26-ஆவது கூறு உயிர்பெற்றது. அட்வகேட் ஜெனரலின் சான்று கிடைத்தது. அரசாங்கமே நடத்தி, அரசாங்கமே வென்ற வழக்கில், அரசாங்கத்தின் தலைமை வக்கீல் பதவியிலிருந்து, ‘இந்தச் சட்டப் பிரச்சினையை மறுபடி பார்க்க வேண்டும்’ என்று எழுத்தில் வந்தது. அந்த ஒரு தாளுக்கு எவ்வளவு கனம் என்று யோசித்துப் பாருங்கள். கலெக்டர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. ஆளும் வர்க்கம் கொதித்துக் கிடந்த நேரம். அந்த நேரத்தில் அப்படி ஒரு தாள் வெளிவந்தது அந்தப் பதவிக்குப் பெருமை.

சட்ட அறிக்கைகளில் ‘முத்துக்குமாரசாமிப் பிள்ளை எதிர் மன்னர்’ என்ற பெயரில் இந்த மறுபரிசீலனை இடம்பெற்றிருக்கிறது. ஐந்து நீதிபதிகள் அமர்ந்தார்கள்: பென்சன், வாலிஸ், மில்லர், அப்துர் ரஹீம், பி.ஆர். சுந்தரம் ஐயர். முதல் மூவரும் அப்ரூவரின் முன் வாக்குமூலத்தைத் துணைச் சான்றாகக் கொள்ளலாம் என்றார்கள். அப்துர் ரஹீமும் சுந்தரம் ஐயரும் மாறுபட்டார்கள். மூன்றுக்கு இரண்டு. தண்டனை நின்றது.

ஐந்து பேரில் இரண்டு பேருக்கு ஐயம் வந்த ஒரு தீர்ப்பில் நம் ஊர்க்காரர்கள் சிறை போனார்கள். ஆனால் ஐயம் ஏட்டில் பதிவானது. கூட்டாளியின் சாட்சியைப் பற்றிப் பேசும்போது பின்வந்த வக்கீல்களும் நீதிபதிகளும் அந்தத் தீர்ப்பைப் புரட்டினார்கள். இருதரப்பு வாதமும் அவர்களுக்குக் கிடைத்தது. சான்று வந்திருக்காவிட்டால் அந்த ஐயம் எவருக்கும் தெரியாமலே மண்ணோடு போயிருக்கும்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்தது இதுதான். அரசாங்கத்தின் வக்கீல் அரசாங்கத்துக்கு மட்டும் கடன்பட்டவர் அல்லர். தருமச் சொத்துக்கும், கூண்டில் நிற்பவனுக்கும், சட்டம் சரியாகச் சொல்லப்பட வேண்டும் என்ற நெறிக்கும் அவர் கடன்பட்டவர். நார்ட்டனின் பள்ளிக்கூடமும் 1912-ஆம் ஆண்டின் சான்றும் அதே கடனைத் தீர்த்த இரண்டு செயல்கள். அதே சமயம் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவனின் விடுதலையை ஒரு பெரிய மனிதரின் நல்லெண்ணத்தில் தொங்கவிடுவது நீதி ஆகாது. நல்லவர் இருந்தால் கதவு திறக்கும். அஞ்சுபவர் இருந்தால் மூடிக் கிடக்கும். திறந்தாலும் சட்டப் பிரச்சினை மட்டுமே உள்ளே நுழையும். ‘நான் அந்தக் கூட்டத்துக்கே போகவில்லை’ என்ற ஏழையின் சொல் நுழையாது. சான்று கொடுத்தவரை வாழ்த்தலாம். சான்றை மட்டும் விட்டுவைத்த ஏற்பாட்டை மன்னிக்க முடியாது.

அந்தப் பதவி இன்றும் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 165-ஆவது உறுப்பு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு அட்வகேட் ஜெனரல் வேண்டும் என்கிறது. 1929-இலிருந்து 1944 வரை சென்னையில் அந்த நாற்காலியில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசியல் சட்ட வரைவுக் குழுவில் ஒருவர். பெயர் மாறாமல் வந்த பதவி என்பதால் அதன் பழைய கடனும் மாறாமல் வந்திருக்கிறது என்பதை அதில் அமர்கிறவர்களும், அமர்த்துகிறவர்களும் மறக்கக் கூடாது.

கடைசியாக இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூண்டில் தண்டிக்கப்பட்டவன் யாருடைய சான்றுக்கும் காத்திராமல் அப்பீல் போக, இங்கிலாந்தில் தனி நீதிமன்றமே அமைத்த சட்டம் 1907-இல் வந்தது. நம்மவர்களின் வழக்குக்கு நான்கு ஆண்டு முன்பே. இந்தியாவில் உயர் நீதிமன்றம் நேரே விசாரித்துத் தண்டித்த வழக்குகளுக்கு அப்பீல் உரிமை தந்த 411-அ பிரிவு குற்ற நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது 1943-இல்.

(தொடரும்)